அஞ்சறைப் பெட்டியும் அடுக்களைக் கணக்கும்

ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாளை உலகச் சிக்கன நாளாக நம் நாட்டில் கொண்டாடி வருகிறோம். 1924ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் பிறந்த நாள் இது. பிற நாடுகளில் இதனை 31ஆம் நாளில் கொண்டாடுவர். அன்று பள்ளிகள்தோறும் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடைபெறும். அக்கட்டுரைகளில் எறும்பும் தேனீயும் தவறாமல் வருகை தரும். சிறுதுளி பெருவெள்ளமாகும். வென்ற மாணவன் எவர்சில்வர்க் கிண்ணம் ஒன்றைப் பரிசாகப் பெற்று வீடு திரும்புவான். வீட்டில் அவன் தாய், திங்களின் இருபத்தேழாம் நாளில் எஞ்சியிருக்கும் நூற்றுப் பத்து ரூபாயைக் கொண்டு எஞ்சிய நாள்களை எவ்வாறு ஓட்டுவது என்று எண்ணிக்கொண்டிருப்பாள். அவளை எவரும் பேச்சுப் போட்டிக்கு அழைப்பதில்லை.

சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோரும் சிக்கனமாக வாழ்வோரும் நம் நாட்டில் பெரும்பாலும் வேறு வேறு மக்களாகவே உள்ளனர். அறிவுரை மேலிருந்து கீழே வருகிறது. கீழே இருப்போரோ அவ்வறிவுரை வருமுன்னரே அதனைக் கடைப்பிடித்துக் களைத்துப் போயிருக்கின்றனர். எனவே சிக்கனம் செய்வது எப்படி என்பது குறித்து நாம் ஈண்டு எழுத முற்படவில்லை. யார் செய்கிறார், எதில் செய்கிறார், அதன் பயன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பவற்றை ஓரளவு ஆராய்வதே நம் நோக்கம்.

தமிழ்த்துறை மலராதலின் முதற்கண் சொற்களைச் சற்று நோக்குவோம். 'செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்பது ஊர்ப்புற வழக்கு. செட்டு என்னும் அச்சொல்லில் பாராட்டு உண்டு. கருமித்தனம், கஞ்சத்தனம், இவறன்மை என்பனவற்றில் பழிப்பு உண்டு. மட்டாகச் செலவழித்தல், கட்டுச்செட்டாக இருத்தல் என்று இடைப்பட்ட சொற்களும் உள. இவற்றுள் நம் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது 'சிறுவாடு' என்னும் சொல்லே. இல்லத்தரசியர் அவ்வப்போது மிச்சம் பிடித்து, பிறர் அறியாமல் சேர்த்து வைக்கும் சிறுபணத்தைக் குறிப்பது அது. ஆடவர் சேமிப்புக்கென்று இப்படியொரு தனிச்சொல் இருப்பதாக நாம் அறியோம். மொழி சும்மா சொல்லைப் படைப்பதில்லை. அச்சொல்லுக்குப் பின்னர் வருவோம்.

நாம் கண்முன் வைத்துக்கொள்ளும் ஊர் மறைமலை நகர். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தலைநகரின் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வளர்த்தெடுத்த துணைநகரம் இது. இவ்வூரின் முகவரிகளில் என்.எச்.1, என்.எச்.2 எனக் கண்டு தேசிய நெடுஞ்சாலை என்று மயங்குவார் உளர். 'நெய்பர்ஹுட்' என்பதன் சுருக்கம் அது. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பெருமகனாரின் பெயர் தாங்கிய ஊரில் தெருக்களுக்கு ஆங்கில எழுத்தே பெயராயிற்று என்பதைத் தமிழாசிரியர் ஒருவர் சொல்லாமல் விட்டால் அது கடமை தவறியதாகும்.

மறைமலையடிகளார் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். அப்பணியை விட்டபின் பல்லாவரத்தில் வாழ்ந்தார். நிலையான ஊதியம் இல்லாத வாழ்வு. எனினும் நூல் வாங்குவதில் அவர் கைசுருக்கவில்லை. ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டினார். 1950இல் அவர் மறைந்த பின்னர் அந்நூற்களே சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்திற்கு அடிப்படையாயின. எதில் சுருக்குவது, எதில் சுருக்காதிருப்பது என்று ஒருவர் தாமே தெரிந்தெடுக்கும்போதுதான் சிக்கனம் என்னும் சொல்லுக்குப் பெருமை உண்டாகிறது. தெரிந்தெடுக்க வழியே இல்லாதபோது அதற்கு வேறு பெயர்.

இன்று இவ்வூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில், ஒரகடம், திருப்பெரும்புதூர் எனத் தொடரும் சாலையின் இருமருங்கும் தொழிற்சாலைகள். 1990களின் பிற்பகுதியில் மகிழுந்து ஆலைகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து உதிரி உறுப்புகள் செய்வோர், கண்ணாடி, கைப்பேசி, இருசக்கர வண்டி எனப் பெருகின. விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களிலிருந்தும், தென்மாவட்டங்களிலிருந்தும், அண்மைக்காலத்தில் ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞர் வந்து குடியேறியுள்ளனர். நிரந்தரப் பணி பெற்றோர் சிலர். ஒப்பந்தத் தொழிலாளராகவும் பயிற்சியாளராகவும் காலம் கழிப்போர் மிகப் பலர். அவர்தம் பிள்ளைகள் நம்மிடம் பயில வருகின்றனர். சிலர் பகலில் வகுப்பில் அமர்ந்து இரவுப் பணிக்குச் செல்கின்றனர். முதல் வகுப்பில் உறங்கும் மாணவனை எழுப்பும் முன் நாம் இருமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இஃது எந்த ஆய்வறிக்கையிலும் உள்ளதன்று. நாம் அறிந்த குடும்பங்களின் நிலையைக் கொண்டு அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டே. கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள். பிடித்தம் போகக் கைக்கு வரும் ஊதியம் 18,000 ரூபாய். ஓரறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டிற்கு வாடகை 5,000. மின்சாரம் 500. எரிவாயு உருளைக்கு 900. பாலுக்கு 700. மளிகை 3,500. காய்கறி, மீன், இறைச்சி அனைத்தும் சேர்த்து 2,500. பள்ளிச் செலவு 1,500. இரு கைப்பேசிகளுக்கு 600. வண்டிக்குப் பெட்ரோல் 1,200. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 2,000. கூட்டினால் 18,400. மருந்துச் சீட்டு ஒன்றும் வராமல், உறவினர் வீட்டுக் காதுகுத்து ஒன்றும் வராமல், செருப்பு அறுந்து போகாமல், 400 ரூபாய் துண்டு விழுகிறது.

இப்பட்டியலை இன்னொரு முறை நோக்குக. வாடகையை வீட்டு உரிமையாளர் முடிவு செய்கிறார். எரிவாயு விலையை எண்ணெய் நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. கைப்பேசிக் கட்டணத்தை அந்நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. போதாக்குறைக்குத் திங்கள் என்பதை 28 நாளாகச் சுருக்கி, ஆண்டுக்குப் பதின்மூன்று முறை கட்டணம் வாங்கிக்கொள்ளும் திறமும் அவர்களிடம் உண்டு. மின்கட்டணத்தில் ஒரு வேடிக்கை. 2016 மே முதல் இரு திங்களுக்கு 100 யூனிட் மின்சாரத்தைத் தமிழ்நாடு அரசு கட்டணமின்றித் தந்தது. ஆயினும் வாடகைக் குடியிருப்பில் பலருக்குத் தனி இணைப்பு இல்லை. உரிமையாளர் உள்மீட்டர் பொருத்தி, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் எனக் கணக்கிட்டு வாங்குகிறார். அரசு விட்டுக்கொடுத்த பணம் வாசல்வரை வந்து, வேறொருவர் பையில் புகுந்துவிடுகிறது. ஆக, இல்லத்தரசியின் கைக்கு எட்டும் இடங்கள் இரண்டே: மளிகை, காய்கறி. அவள் சுருக்கக்கூடியது சோற்றை மட்டுமே. அச்சோற்றிலும் பிள்ளைகளின் பங்கைச் சுருக்க மனம் வராது. உழைத்து வரும் கணவனின் பங்கைச் சுருக்கவும் மனம் வராது. எஞ்சுவது யாருடைய தட்டு என்பதை விளக்க வேண்டுவதில்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர்க்குக் குருதிச்சோகை இருந்தது. நாடளவில் அது 57 விழுக்காடு. இதற்குக் காரணங்கள் பல என்று மருத்துவர் கூறுவர். அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் உண்ட பின் அடிச்சட்டியை வழித்து உண்ணும் வழக்கத்திற்கு இதில் பங்கே இல்லையென்று எவரும் கூறத் துணியார். முட்டை நான்கு வாங்கினால் அவித்து மூவருக்கு ஒவ்வொன்று, மீதம் ஒன்று நாளைக்கு என்று வைக்கும் வீடுகளை நாம் அறிவோம். அந்த நாளைய முட்டையும் அவள் தட்டிற்கு வருவதில்லை. இதனைச் செட்டு என்று புகழ்வது நமக்கு உடன்பாடன்று. உடம்பை விற்றுச் சேர்த்த காசு பின்னாளில் மருத்துவமனை வாசலில் வட்டியோடு கரைந்து போகும்.

நாம் இவ்வாறு கூறுவதால் அடுக்களைக் கலையைக் குறைத்து மதிப்பிடுவதாக எவரும் கருதலாகாது. உண்மையில் அக்கலை வியப்புக்குரியது. பருப்பை முந்தைய இரவே ஊறவைத்தால் எரிவாயு மிஞ்சும். குக்கர் முதல் விசில் அடித்ததும் தீயைத் தணிப்பதில் ஓர் உருளை நான்கைந்து நாள் கூடுதலாக வரும். வடித்த கஞ்சியில் உப்பிட்டு ஒரு குவளை பிள்ளைக்கு. எஞ்சியது பருத்திப் புடைவைக்கு மொடமொடப்பு. மிஞ்சிய சோறு நீரூற்றிப் பழைய சோறாகிறது. தெளிந்த நீர் நீராகாரம். ஒரு துண்டு வெங்காயமும் மோர்மிளகாயும் இருந்தால் காலை உணவு முடிந்தது. கீரைத்தண்டு சாம்பாருக்கு, இலை பொரியலுக்கு. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு. புளித்த மாவு ஊத்தப்பமாகவும் குழிப்பணியாரமாகவும் மறுபிறவி எடுக்கும். மீன் வாங்கும் நாளில் தலையும் வாலும் குழம்புக்கு, நடுத்துண்டு வறுவலுக்கு. மறுநாள் சுண்டிய குழம்பிற்கு இருக்கும் சுவை முதல்நாள் குழம்பிற்கு இல்லை என்பது நம் துணிபு. வறுமை கற்பித்த சுவைகள் இவை.

நம் பள்ளிவாசல்களில் ரமலான் திங்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியையே எண்ணிப் பாருங்கள். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், பேருக்குக் கொஞ்சம் கொத்துக்கறி. தனித்தனியே ஒரு வீட்டிற்குக்கூடப் போதாத கறி, ஓர் அண்டாவில் கலந்ததும் ஒரு தெருவிற்கே மணம் தருகிறது. முஸ்லிம், முஸ்லிம் அல்லாதார் என்னும் வேறுபாடின்றித் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பர். அவ்வாறே முன்னாளில் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் இடும் வழக்கம் இருந்தது. மதரஸாவிற்கோ ஏழையர்க்கோ அது போய்ச் சேரும். பிற சமயத்தார் இல்லங்களிலும் பிடியரிசி உண்டு. ஒரு பிடி குறைந்ததை உலை அறியாது. இது பொதுமையில் செய்த சிக்கனம். ஓரறை வீடுகளில் ஒருவரையொருவர் அறியாது வாழும் இன்றைய தொழில்நகரில் ஒவ்வொரு குடும்பமும் தன்னந்தனியே துண்டு விழுவதோடு போராடுகிறது. பெரிய அண்டா மறைந்துபோனது பெரிய இழப்பு.

இனிச் சிறுவாட்டிற்கு வருவோம். மிளகாய், மல்லி, சீரகம், கடுகு இருக்கும் அஞ்சறைப் பெட்டியின் அடியில், அரிசித் தூக்கினுள், பழைய புடைவை மடிப்பில், அது வாழ்ந்து வந்தது. மறைமலை நகரில் நாம் அறிந்த பெண்மணி ஒருவர், சாலையோரத்தில் இட்லிக்கடை நடத்துபவர், தம் முறையை நமக்குச் சொன்னார். "மொதல்ல எடுத்து வெச்சிடுவேன் சார். கடைசியில மிச்சம் இருந்தா வெக்கலாம்னு நெனச்சா ஒண்ணும் இருக்காது. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா கேப்பாரு, கேட்டா குடுத்துடுவேன்." பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தி இது. இறுதித் தொடரைக் கவனித்தல் வேண்டும். மறைப்பது வஞ்சகத்தால் அன்று. கேட்டால் மறுக்க இயலாத தம் இயல்பினின்று அப்பணத்தைக் காப்பதற்காகவே.

2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டபோது, இந்தியப் பெண்களின் இம்மறைபொருள் ஒரே நாளில் வெளிச்சத்திற்கு வந்தது. வங்கிகளில் மாற்றிக்கொள்ள முதலில் 4,000 ரூபாய் எனக் கட்டுப்பாடு. அடையாளச் சான்று வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், கணக்கில் செலுத்துவதானால் டிசம்பர் 30ஆம் நாளுக்குள் செலுத்த வேண்டும். இரண்டரை இலட்சம் ரூபாய் வரை செலுத்துவோரைக் கேள்வி கேட்கமாட்டோம் என்று அரசு கூறியது உண்மையே. ஆனால் அவர்களைக் கேள்வி கேட்டவர் வருமானவரி அலுவலர் அல்லர், கணவர்மார். பத்தாண்டு, பதினைந்தாண்டு ஐந்நூறு ஐந்நூறாகச் சேர்த்தது, மகளுக்கு ஒரு சவரன் என்று மனத்தில் எழுதி வைத்தது, அன்று வீட்டின் பொதுக்கணக்கில் கலந்தது. சில வீடுகளில் பழைய கடனுக்குப் போயிற்று, சில வீடுகளில் புதிய தொலைக்காட்சியாயிற்று. கறுப்புப் பணத்தைப் பிடிக்க விரித்த வலையில் அஞ்சறைப் பெட்டிகள் சிக்கின என்பது நம் கருத்து. அதன்பின் எத்தனை பெண்கள் மீண்டும் சிறுவாடு தொடங்கினர் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் எடுத்ததாகத் தெரியவில்லை.

சிறுவாடு இல்லாத வீட்டின் கதவைத் தட்டுபவர் தண்டல்காரர். இவருடைய கணக்கை நம் மாணவர் ஒவ்வொருவரும் போட்டுப் பார்த்தல் வேண்டும் என்பது நம் ஆசை. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்பார். 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 தருவார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் பத்தாயிரம் கட்ட வேண்டும். 'ஆயிரத்தைந்நூறுதானே வட்டி' என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளும் நம் கையில் சராசரியாக இருப்பது அதில் ஏறத்தாழப் பாதி, 4,250 ரூபாய். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டியெனில் நூற்றுக்கு முப்பத்தைந்து. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ நூற்று முப்பது. கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து வாங்கும் கடனோடு இதனை ஒப்பிட்டால் தலை சுற்றும். வட்டி நூற்றுக்கு இரண்டு என்று சொன்னால் அது திங்களுக்கு என்பதும், ஆண்டுக்கு இருபத்துநான்கு என்பதும் பட்டம் பெற்ற பலருக்கே உடனே உறைப்பதில்லை.

பின் ஏன் வாங்குகின்றனர்? அறியாமை மட்டும் காரணமன்று. வங்கி காலை பத்து மணிக்குத் திறக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் இரவு பதினொரு மணிக்கு வருகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஊதியச் சான்று இல்லை. வாடகை வீட்டு முகவரிக்குச் சான்று இல்லை. தண்டல்காரர் எதுவும் கேட்பதில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய அம்முயற்சி, சிறுவாட்டைப் பத்துப் பதினைந்து பெண்கள் கூடி வெளிப்படையாகச் சேர்க்கும் முறை எனலாம். பின்னர் வந்த நுண்கடன் நிறுவனங்களோ சேர்ப்பதை விட்டுக் கடனை மட்டும் பிடித்துக்கொண்டன. ஒரு குடும்பத்தின் தவணைகள் அதன் திங்கள் வருவாயில் பாதிக்கு மேற்படலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் நெறி வகுத்தது. வருவாயில் பாதி தவணைக்குப் போனால் நாம் மேலே போட்ட பட்டியலில் எதை அழிப்பது?

சீட்டைப் பற்றியும் ஒரு சொல். தெருவில் அறிந்தவர் நடத்தும் ஏலச்சீட்டு பல பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாகியிருக்கிறது. அவசரத்துக்கு எடுப்பவர் கழிவில் இழப்பார். பொறுத்திருப்பவர் அதனைப் பெறுவார். அதில் ஒரு நேர்மை உண்டு. கொழுத்த வட்டி தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களின் செய்தி வேறு. 1990களில் அத்தகையன பல சரிந்து, சிக்கனமாக வாழ்ந்தோரின் சேமிப்பெல்லாம் போன பின்னர், 1997இல் வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அதே தூண்டிலில் அதே மீன்கள் விழக் கண்டோம். பேராசை என்று அவர்களைப் பழிப்பது எளிது. ஊதியம் உயராத வீட்டில், வட்டி ஒன்றே உயர வழி என்று தோன்றுவதில் வியப்பில்லை.

இல்லத்தின் சிக்கனத்திற்கு எல்லை உண்டு என்பதை இவ்வூரே கண்கூடாகக் கண்டது. போர்டு நிறுவனம் 1995இல் இந்தியாவில் கூட்டு முயற்சியாகக் காலூன்றி, 1999 முதல் மறைமலை நகர் ஆலையில் மகிழுந்து உருவாக்கியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022இல் இவ்வாலையின் உற்பத்தி முடிவுற்றது. அதற்கு முன் 2014இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. எட்டாண்டுகளே நடந்த ஆலை அது. போர்டு ஆலையை ஏற்றுமதிக்கு மீண்டும் பயன்படுத்த எண்ணுவதாக 2024இல் கடிதம் வந்தது, வரவேற்கத் தக்கதே. ஆனால் நடுவயதில் வேலை இழந்தவர் அக்கடிதத்தைக் கொண்டு வீட்டுக்கடன் தவணை கட்டுதல் இயலாது. அவர்கள் ஊதாரிகள் அல்லர். நிரந்தர வேலை என்று நம்பி வீட்டுக்கடன் வாங்கினர். பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்த்தனர். பொருளியலார் பாராட்டும் அனைத்தையும் செய்தனர். பருப்பை ஊறவைத்து மிச்சம் பிடித்தது எத்தனை உருளையானாலும், ஆலைக் கதவு மூடும் நாளில் அதனைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை.

இதனாலேதான், நியாயவிலைக் கடை அரிசியையும் மகளிர் உரிமைத் தொகையையும் 'இலவசம்' என்று ஏளனம் செய்வோரோடு நாம் உடன்படுவதில்லை. 2011 ஜூன் முதல் குடும்ப அட்டைக்கு 20 கிலோ வரை அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. அது வீட்டின் மளிகைக் கணக்கைத் தாங்கியது. அதன் வாயிலாகக் குறைந்த ஊதியத்தில் ஆள் கிடைக்கும் வசதியை ஆலைகளுக்கும் தந்தது. ஆலை முதலாளிக்குக் கிடைக்கும் நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் 'ஊக்கம்' எனப்படுகின்றன; அடுக்களைக்குக் கிடைக்கும் அரிசி 'இலவசம்' எனப்படுகிறது. இச்சொல்லாட்சி தமிழாசிரியர் கவனத்திற்குரியது. 2023 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, திங்கள்தோறும் 1,000 ரூபாய், பெண்ணின் பெயரிலேயே வங்கியில் சேர்ந்தது. ஊதியமில்லா வீட்டுழைப்பை மதிப்பதே அதன் நோக்கம் என்று அரசு கூறிற்று. 2019ஆம் ஆண்டுத் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடம் செலவிட்டனர். ஆடவர் 97 நிமிடம். ஐந்து மணி நேர உழைப்புக்கு அத்தொகை ஊதியமாகாது. எனினும் கணவர் அறிந்தே இருக்கும் சிறுவாடு என்ற அளவில் அது புதியது.

குடும்பத்தின் மெய்யான ஊதாரித்தனம் எங்கே என்று கேட்டால், நாம் திருமண மண்டபத்தைக் காட்டுவோம். ஐந்தாண்டு மிச்சம் பிடித்ததை ஐந்து மணி நேரத்தில் உண்டு முடிக்கும் இடம் அது. பாமா விஜயம் என்னும் திரைப்படம் 1967இல், அண்டைவீட்டு நடிகைக்காக ஆடம்பரம் காட்டித் தடுமாறும் குடும்பத்தைக் கண்டு நம்மைச் சிரிக்க வைத்தது. இன்று நாம் அண்டை வீட்டாருக்காக அன்றி, கைப்பேசியில் படம் பார்க்கும் அறியாத மக்களுக்காக மண்டபம் எடுக்கிறோம். நம் சமுதாயத்தைப் பற்றியும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். வீண்விரயம், கஞ்சத்தனம் இரண்டையும் விலக்கிய நடுநெறியைத் திருக்குர்ஆன் காட்டுகிறது. மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்கிறது. மிம்பரில் இதனைக் கேட்டுத் தலையசைத்தவர், மாலையில் பெண்வீட்டாரிடம் இத்தனை சவரன் என்று கைக்கூலி பேசுகிறார். 2025இல் ஒரு சவரன் 90,000 ரூபாயைக் கடந்தது. மேலே கண்ட குடும்பத்தின் ஐந்து திங்கள் ஊதியம் அது. பத்துச் சவரன் கேட்பவர், ஒரு தொழிலாளியின் நான்காண்டுக்கு மேற்பட்ட வாழ்நாளைக் கேட்கிறார். அதைக் கொடுப்பதற்காகத்தான் ஒரு தாய் முட்டை உண்ணாதிருந்தாள்.

வருவாய் சிறிதாயினும் செலவின் வாய்க்கால் அதனினும் அகலாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் காட்டும் நெறி. அரசனுக்குச் சொன்னதை இல்லத்தார்க்கும் கொள்ளலாம். ஆனால் வாய்க்காலின் கரை எங்கே என்பதைக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் அறிந்திருப்பது போதாது. ஊதியச் சீட்டு கணவரின் சட்டைப்பையிலேயே இருந்துவிடுகிறது. கூடுதல் நேர ஊதியம் எவ்வளவு, சேமநிதிப் பிடித்தம் எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரிவதில்லை. உளுத்தம்பருப்பு விலை கணவருக்குத் தெரிவதில்லை. இருவரும் தத்தம் பாதியை மறைத்துக்கொண்டு ஒரே குடும்பத்தை நடத்துகின்றனர்.

எனவே நம் துறை மாணவர்க்கு வரும் ஆண்டில் ஒரு பயிற்சி தர எண்ணியுள்ளோம். எறும்பும் தேனீயும் வாராத பயிற்சி. ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு திங்கள் வரவுசெலவை, தாய் தந்தை இருவரையும் ஒருங்கே அமர்த்திக் கேட்டு, நல்ல தமிழில் எழுதிவர வேண்டும். தண்டல் இருப்பின் அதன் ஆண்டு வட்டியைக் கணக்கிட வேண்டும். வீட்டில் இறுதியாக உண்பவர் யார், அன்று அவர் உண்டது என்ன என்பதையும் ஒருநாள் குறித்துவர வேண்டும். பெயரும் தொகையும் நம்மிடம் காட்ட வேண்டுவதில்லை, எழுதினால் போதும். இதனைக் கேட்ட மாணவன் ஒருவன், "எங்கம்மா சிறுவாடு வெச்சிருந்தா அதையும் எழுதணுமாங்க ஐயா?" என்றான். எழுத வேண்டாம் என்றோம்.